பச்சையைச் சுற்றி ஒரு விரல் அகலம்

நான்கு வருஷமாக ஒரே கையால் லேசர் பிடியைத் தூக்கிப் பிடித்ததில் பனிமயத்தின் வலது தோள் கீழிறங்கிப் போயிருந்தது. ஒரு நாளைக்கு முப்பது பேர். ஆளுக்கு முகம், கழுத்து, மார்பு, முதுகு, இரண்டு கைகள். பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் மிதியை அழுத்தி அழுத்தி, தீப்பெட்டி அளவுக்கு ஒவ்வொரு கட்டமாகத் தோலின்மேல் நகர்ந்துகொண்டே போக வேண்டும். கட்டம் பிசகினால் வரி விழும். பொசுங்கிய மயிரின் வாடை அவள் மூக்கிலேயே தங்கிவிட்டது. வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போதும் அந்த வாடைதான் முதலில் வரும்.

அவள் சங்குமேட்டுக்காரிதான். பதினொரு வருஷம் சென்னையில் ஒரு அழகு நிலையத்தில் கல்யாணப் பெண்களின் முகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள். கம்பெனி ஊரிலேயே சரும நல மையம் திறந்தபோது, இனி சொந்த வீட்டில் தூங்கலாம் என்று திரும்பி வந்துவிட்டாள்.

கூரைகளிலும் வயல்களிலும் முப்பது நாற்பது வருஷம் வெயில் குடித்து ஓய்ந்துபோன சூரியத் தகடுகள் உலகம் முழுவதிலுமிருந்து கப்பல் கப்பலாகச் சங்குமேட்டுக்கு வந்து இறங்கின. அவற்றை உடைத்து, அமிலத் தொட்டிகளில் ஊறப்போட்டு, உள்ளே இருந்த விலையுயர்ந்த உலோகங்களைப் பிரித்தெடுப்பது கம்பெனியின் வேலை. ஊரில் பாதிப் பேர் அங்கேதான் பிழைத்தார்கள். மையம் திறந்த முதல் வருஷம் எல்லோருக்கும் இலவசம் என்றார்கள். மாதா கோவில் கொடியேற்றத்துக்கு ஒரு முகாம், பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம், சந்தை நாளில் ஒரு முகாம் என்று ஊரே வந்து படுத்து எழுந்து போனது. ‘தோல் சலவை’ என்று அதற்கு அவர்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நிறத்துக்கு எண்கள் இருந்தன; எண் குறையக் குறைய வெளுப்பு. வந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் நிறத்திலிருந்து இரண்டு எண் குறைத்துக் கேட்டார்கள். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தில் அறுபது பிள்ளைகளும் ஒரே சாயத் தொட்டியில் முக்கி எடுத்ததுபோல நின்றார்கள். கடைசிவரை சலவைக்கு வராமல் போனவர்கள் கடலிலேயே கிடக்கும் சில கிழவர்கள்தான். உப்பும் வெயிலும் தின்ற அந்த உடம்புகளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

இலவசம் முடிந்த பிறகு வந்தவர்கள் வேறு. அமிலத் தொட்டிக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள், முகாம் நாட்களில் வேலையை விட்டு வர முடியாதவர்கள். அவர்களில் ஒருத்தி இசக்கித்தாய். முப்பத்துநாலு வயது, புருஷனை இழந்தவள், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகராசி என்ற ஒரே மகளை வைத்திருப்பவள். முதல் நாள் ரவிக்கையைக் கழற்றிவிட்டுப் படுத்தபோது, அவள் மார்பிலும் முதுகிலும் புழுதித் தரையில் நாலு துளி மழை விழுந்த மாதிரி புள்ளிகள். கருப்பில் வெளுப்பாகவும் வெளுப்பில் கருப்பாகவும். உள்ளங்கைகளில் கம்பு விதைத்த மாதிரி காய்ப்பு.

கம்பெனி வாசலில் ஒரு கேமரா உண்டு. மாதம் ஒருமுறை மார்பையும் உள்ளங்கைகளையும் அதற்குக் காட்ட வேண்டும். புள்ளி இருந்தால் கூடத்துக்குள் விடாது. வெளியே முற்றம் கூட்டுகிற வேலைதான், அதுவும் வாரத்தில் இரண்டு நாள். தொழிலாளிகளைக் காப்பாற்றத்தான் அப்படி ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். புள்ளி வந்தவரைக் கூடத்திலிருந்து மாற்றி, ரத்தமும் மயிரும் எடுத்துச் சோதிக்க வேண்டும். புள்ளி இல்லாதவருக்குச் சோதனை தேவையில்லை.

இது எப்படி வேலை செய்யும் என்று இசக்கித்தாய் அன்றைக்குக் கேட்டாள். பனிமயத்துக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். சென்னையில் யாரும் கேட்டதில்லை.

“தோலுக்குள்ள மை செய்யுற செல்லு இருக்கு இசக்கி. வெயில் பட்டா கூடுதலா செய்யும். உடம்புல கெடுதல் எதுவும் சேந்தாலும் கண்ட இடத்துல மையைக் கொட்டும். இந்த வெளிச்சம் மேல்தோலைக் கிழிக்காது. உள்ள போயி மையை மட்டும் பொடியாக்கும். பொடியை உடம்பே அள்ளிக்கிட்டுப் போயிரும்.”

“திரும்ப வராதாக்கா?”

“பழைய மெசின்ல வரும். இதுல, இவ்வளவுதான் மை செய்யணும்னு அந்தச் செல்லுக்கே பழக்கி விட்டுருது. சொரசொரப்பும் அப்படித்தான். இனிமே கை காய்க்காது.”

இசக்கித்தாய் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று தடவை வந்தாள். மூன்றாவது தடவை எழுந்து கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பனிமயத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த மாதம் கேமரா அவளை உள்ளே விட்டது. அடுத்த மாதமும் விட்டது. அதன்பிறகு அவள் சலவைக்கு வர வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் வேலை முடிந்து போகும்போது, அவித்த பனங்கிழங்கையோ இரண்டு நுங்கையோ மையத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள்.

தான் ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் பனிமயம் நினைத்திருந்தாள். வேலை போகாமல் காப்பாற்றுகிறோம். அதில் பொய்யும் இல்லை.

நாலாவது வருஷம் இசக்கித்தாய் நடக்கும் விதம் மாறியது. தரையைப் பாதம் தேடித் தேடி வைப்பதுபோல நடந்தாள். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பாதித் தெரு வந்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். வாரத்தில் மூன்று நாள் வரும் கம்பெனி டாக்டர் நாச்சியப்பன் சத்து மாத்திரை கொடுத்திருந்தார். கேமராவோ ஒவ்வொரு மாதமும் பச்சை விளக்கைப் போட்டது. அவள் முகம் அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து யாரும் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே கருவளையம்கூட விழவில்லை. விழ முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, பனிமயத்தின் புருஷன் ரொசாரியோ அவள் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். ஐஸ் பிளாண்டில் மெக்கானிக். கை இரும்பு மாதிரி இருக்கும். வாசலிலிருந்து வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. தோளிலிருந்து முழங்கை வரை தேய்த்தவன் அங்கேயே நிறுத்திவிட்டான்.

“இந்தா, இங்க பாரு. உன் சிலுவையைச் சுத்தி என்ன இது, மழை பேஞ்ச மாதிரி?”

அவள் முன்கையில் எட்டு வயதில் திருவிழாக் கடையில் குத்திக்கொண்ட பச்சைச் சிலுவை ஒன்று இருந்தது. லேசருக்குப் பச்சை ஆகாது. அந்த மை வெளிச்சத்தை மொத்தமாக உறிஞ்சித் தோலைப் பொசுக்கிவிடும். அதனால் பச்சை குத்திய இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுவிட வேண்டும் என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சலவை செய்த பெண்ணும் அப்படித்தான் விட்டிருந்தாள். சிலுவையைச் சுற்றி அந்த ஒரு விரல் அகலத்தில் மட்டும் அவள் பிறந்த நிறம் இருந்தது. அந்த நிறத்தில் இப்போது புள்ளிகள். கருப்பில் வெளுப்பாக, வெளுப்பில் கருப்பாக.

அவள் தொட்டிக் கூடத்துக்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை.

ரொசாரியோ தன் உடம்பில் தேடினான். அவனுக்குப் பச்சை கிடையாது. காலிலிருந்து கழுத்து வரை ஒரே மாதிரி, வழவழவென்று, எதுவும் இல்லாமல் இருந்தது. பனிமயம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை என்பது இத்தனை பயமாக இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

மறுநாளிலிருந்து அவள் கண் பச்சையைத் தேட ஆரம்பித்தது. மீன் விற்கும் லூர்தம்மாளிடம் மீனை எடை போடச் சொல்லிவிட்டு, தராசு பிடித்த கையைப் பார்த்தாள். அங்கே புருஷன் பெயர். பெயரைச் சுற்றிப் புள்ளி. பள்ளிக்கூடத்தில் சமைக்கும் செண்பகவல்லியின் மணிக்கட்டில் ஒரு கோலம். கோலத்தைச் சுற்றிப் புள்ளி. தையல்காரி, தபால் கொண்டுவரும் பெண், மாதா கோவில் கூட்டுகிற அம்மா. பத்து நாளில் பதினொரு பேர். எல்லோரும் அது வேர்க்குரு என்றும் வயசு என்றும் நினைத்திருந்தார்கள். ஒரு விரல் அகலம்தானே. பதினொரு பேரில் கம்பெனி வாசலை மிதித்தவர்கள் இரண்டே பேர்.

பனிமயம் டாக்டர் நாச்சியப்பனிடம் போனாள். அறுபதைத் தாண்டியவர். எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவர்போல மெதுவாகப் பேசுவார். அவள் கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். கையை விட்டபோது அவர் முழுக்க விழித்திருந்தார்.

“இது ஆர்சனிக்ம்மா. பாஷாணம்னு சொல்வாங்களே, அதேதான். சில வகைத் தகட்டுல அது உண்டு. கூடத்துல இருக்கறவங்களுக்கு மூச்சுலயும் கையிலயும் போகும்னு தெரியும். உனக்கு வந்திருக்குன்னா தண்ணியில வந்திருக்கு.”

அவள் சிலுவையின்மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்தாள். பிறகு, புள்ளியைப் போக்கினால் உள்ளே இருப்பதும் போகாதா என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

“புள்ளி நோய் இல்லை. நோய் வந்திருக்குன்னு உடம்பு சொல்லி அனுப்பற தாக்கல். நரம்பு, ஈரல், நுரையீரல்னு உள்ள அது பாட்டுக்குப் போய்ட்டிருக்கும். முன்னெல்லாம் பத்து வருஷம் முன்னாடியே தோல் சொல்லிடும். இப்ப நாம அதோட வாயைக் கட்டிட்டோம்.”

நாம என்று அவர் சொன்னதைப் பனிமயம் கவனித்தாள். அவர் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவதாகச் சொன்னார். ஒன்றையும் மறைக்காமல் எழுதுவதாகச் சொன்னார். அவள் நம்பினாள். அவர் எழுதவும் செய்தார்.

மூன்று வாரம் கழித்து மையத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இயந்திரத்துக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறது. பச்சையைப் பொசுக்காமல் எடுக்கவும் அதைச் சுற்றியுள்ள தோலைச் சீராக்கவும் இனி முடியும். திங்கட்கிழமை முதல் ஊரார் எல்லோருக்கும் பச்சை நீக்கம் இலவசம். தொழிலாளிகள் அந்த மாத இறுதிக்குள் நீக்கிக்கொள்ள வேண்டும். வாசல் கேமரா இனி முன்கைகளையும் பார்க்கும்.

பனிமயம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள். அவர் அதற்கு முன்பே படித்திருந்தார். மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் உள்ளது உள்ளபடிதான் எழுதினேன்மா. இந்த ஊர்ல இப்ப உண்மையான தோல் தெரியறது பச்சையைச் சுத்தி மட்டும்தான்னு எழுதினேன். கோடு போட்டு எழுதினேன்.” அவர் தாளைப் பார்த்தார். “கவனமாப் படிச்சிருக்காங்க.”

கோபப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் தோள் வலித்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வேறு வழி இல்லையா என்று கேட்டாள். ஒரு பழைய சட்டம் இருப்பதாக அவர் சொன்னார். ஒரே ஊரைச் சேர்ந்த ஐந்து பேர் நேரில் போய்ப் புள்ளியைக் காட்டினால், மாவட்டச் சுகாதார அதிகாரி மயிரும் நகமும் எடுத்துச் சோதிக்க உத்தரவு போட்டே ஆக வேண்டும். படம் காட்டினால் போதாது. படத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடிகிற காலம் இது. தோலோடு ஆள் போக வேண்டும். சட்டத்தின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தான் கூட வர முடியாது என்பதையும் சொன்னார்.  அவள் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை மையத்து நடையில் இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆளாக உள்ளே வந்தது இசக்கித்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள். முன்கையில் ‘வேல்முருகன்’ என்று பச்சை. மகராசிக்கு முன்னால் பிறந்து பதினொரு நாள் மட்டும் இருந்த பிள்ளை. அந்தப் பெயர் ரேஷன் கார்டிலும் ஏறவில்லை, வேறெங்கும் ஏறவில்லை. பெயரைச் சுற்றி, நெருக்கி நெருக்கிப் புள்ளிகள்.

“பேரு முழுசாப் போயிருமாக்கா?”

“போயிரும்.”

இசக்கித்தாய் தலையை ஆட்டினாள். அந்தப் பெயரின்மேல் ஒரு தடவை விரலை ஓட்டினாள். போகட்டும், கேமரா விடாதே என்றாள். படுக்கப் போனவளைப் பனிமயம் தடுத்து உட்கார வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் நீட்டிவைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். பாஷாணத்தைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள். மரத்துப்போன பாதம் எதனால் என்பதைச் சொன்னாள். மூன்று வருஷம் முன்னால் இதே கட்டிலில் அந்தப் புள்ளிகளைத் தான் அழிக்காமல் இருந்திருந்தால், அன்றைக்கே சோதனை நடந்திருக்கும் என்பதையும் சொன்னாள்.  

இசக்கித்தாய் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க செய்யாட்டி நான் வேற எங்கயாவது போயிச் செஞ்சிருப்பேன்,” என்றாள். பிறகு, “எம் மவளுக்கும் இருக்குமா?”

“தெரியலை இசக்கி. அவளுக்குப் பச்சை கிடையாது. பள்ளிக்கூட முகாம்ல நான்தான் அவளுக்குச் செஞ்சேன். பாத்துக் கண்டுபிடிக்க இடமே இல்ல. மயிரு எடுத்துச் சோதிச்சாத்தான் உண்டு. அதுக்கு உத்தரவு வேணும். உத்தரவுக்குப் புள்ளி வேணும்.”

“அப்ப அவளுக்கு இருக்கான்னு எங் கையிதான் சொல்லணும்.”

“ஆமா. ஆனா உனக்கு வேலை போயிரும்.”

இசக்கித்தாய் வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் அதை மூடிக்கொண்டு எழுந்தாள். பனிமயம் அவள் தோளைப் பிடித்து நடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த இருபத்தைந்து பேரிடமும் சொன்னதையே திரும்பச் சொன்னாள்.

கூட்டம் பொங்கி எழவில்லை. யாரும் கத்தவில்லை. சிலர் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மா தனக்குக் காது சரியாகக் கேட்காது, பச்சையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றாள். ஒரு ஆள், கம்பெனி போனால் ஊர் போகும், பாஷாணத்துக்குச் சாவது பட்டினிக்குச் சாவதைவிட மெதுவாகத்தான் நடக்கும் என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். லூர்தம்மாள் மீன் கூடையை எடுத்துக்கொண்டு வந்து இசக்கித்தாய் பக்கத்தில் நின்றாள். செண்பகவல்லி வந்தாள். பிறகு ஒவ்வொருவராக நாலு பேர். பத்தொன்பது பேர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.

பனிமயம் உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஒருவர் பின் ஒருவராக, அவர்கள் கேட்டபடியே செய்தாள். ஒவ்வொருவரிடமும் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டுதான் மிதியை அழுத்தினாள். சிலுவைகளும் கோலங்களும் பெயர்களும் பொடியாகிப் போயின. கூடவே அந்த ஒரு விரல் அகலமும் போனது. செய்யாமல் எழுந்து போயிருக்கலாமே என்று பின்னால் ரொசாரியோ கேட்டான். “வேணும்னு வந்து படுத்தவங்களை என்ன செய்ய? அவங்க தோலு அவங்களோடது,” என்று மட்டும் சொன்னாள். அது சரியான பதிலா என்பது அவளுக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலைப் பஸ்ஸில் எட்டுப் பேரும் மாவட்டத் தலைநகருக்குப் போனார்கள். பனிமயத்தின் கைப்பேசியில், அவள் இனி வேலைக்கு வர வேண்டாம் என்ற செய்தி பாதி வழியில் வந்தது. அதைப் படித்துவிட்டு, தோளைச் சீட்டில் சாய்த்தாள். நாலு வருஷத்தில் முதல் முறையாக ஒரு வேலை நாளில் பஸ்ஸில் தூங்கினாள்.

சுகாதார அதிகாரி இளம்பரிதிக்கு முப்பத்தாறு வயதிருக்கும். சலித்துப்போன ஆள்போலத் தெரிந்தாலும் நல்ல மாதிரி. எட்டுப் பேரையும் ஜன்னலோரம் நிற்கவைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். சட்டத்தின் எண்ணைச் சொன்னதும், அப்படி ஒன்று இருப்பதே தனக்கு மறந்துவிட்டது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். எட்டுப் பேரின் மயிரையும் நகத்தையும் எடுக்கச் சொன்னார். மகராசியின் மயிரை இசக்கித்தாய் வீட்டிலிருந்தே ஒரு தாளில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். சீப்பில் சிக்கியிருந்தது. அதையும் வாங்கிக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க வெளியூர்க்காரர் ஒருவருடைய மயிர் வேண்டும் என்று ஆய்வகத்துப் பெண் சொன்னபோது, அவரே கத்தரிக்கோலை வாங்கிக் காதோரம் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தார். இதற்குமேல் வெட்டினால் வீட்டில் திட்டு விழும் என்று சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள்.

முடிவு வர நாற்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த நாற்பது நாளில் இசக்கித்தாய்க்கு வேலை போனது. மையத்துக்கு வெளியூரிலிருந்து வேறொரு பெண் வந்து சேர்ந்தாள். சந்தையில் சிலர் பனிமயத்தைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வேறு சிலர் தனியாகச் சந்தித்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா என்று கேட்டார்கள். போதாது என்றாள். அதைச் சொன்னதற்கும் கோபித்துக்கொண்டார்கள். ரொசாரியோ ஐஸ் பிளாண்டு வேனில், இருபது மைலுக்கு அப்பாலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு வீட்டுக்கும் இறக்கினான். இசக்கித்தாய் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். மகராசி அந்தப் பாதத்தில் விரலால் அழுத்தி அழுத்தி, தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். குதிகால் வரை தெரியவில்லை.

நாற்பத்திரண்டாவது நாள் முற்பகலில், பனிமயம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. இளம்பரிதிதான். அலுவலக எண்ணிலிருந்து இல்லை.

முடிவு வந்துவிட்டது என்றார். எட்டுப் பேருக்கும் இருக்கிறது. மகராசிக்கும் இருக்கிறது. ஆனால் அவளுக்குக் குறைவு. மருந்து உண்டு, இப்போதே ஆரம்பித்தால் சரியாகிவிடும். உத்தரவில் கையெழுத்துப் போட்டாயிற்று. இன்றைக்கு மாலைக்குள் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், நாளையிலிருந்து ஊருக்கு லாரியில் தண்ணீர் வரும். இதையெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனவர், திடீரென்று நின்றுவிட்டார்.

பனிமயம் அரிசியை விட்டுவிட்டுக் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஒப்பிட்டுப் பாக்க என் முடியைக் குடுத்தேன் இல்லையாம்மா,” என்றார். “உங்க எட்டுப் பேரு அளவும் என் அளவும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கு. ஆய்வகத்துல தப்பாப் போச்சுன்னு நினைச்சு நேத்து மறுபடியும் குடுத்தேன். அதேதான். கம்பெனி கழுவுற தண்ணியை இறக்குற குழிக்குப் பக்கத்துல இருக்கே மணல் கிணறு, அதுலேருந்துதான் எங்க ஊருக்கும் குழாய் வருது. இங்க நாலு லட்சம் பேரு.”

வாளியில் அரிசித் தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது. அது கேன் தண்ணீர்.

“எனக்குத் தோல்ல ஒண்ணுமே இல்லையேம்மா,” என்றார் அவர். அதிகாரியின் குரல் இல்லை அது. “காலையிலேருந்து கண்ணாடி முன்னாடி நிக்கறேன். ஒரு புள்ளிகூட இல்லை.”

“நீங்க எப்ப சலவை செஞ்சுக்கிட்டிய சார்?”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“கல்யாணத்துக்கு,” என்றார். “நானும் அவளும் சேர்ந்துதான் போனோம்.”

பனிமயம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வீட்டில் யாருக்காவது பச்சை உண்டா என்று கேட்டாள். அவருடைய அம்மாவுக்கு நெற்றியில் ஒன்று இருப்பதாகச் சொன்னார். பொட்டு மாதிரி. அதன்மேலேயே குங்குமம் வைப்பதால் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

“குங்குமத்தை அழிச்சிட்டு, அவங்களை வாசல் வெளிச்சத்துல உக்கார வைங்க,” என்றாள் பனிமயம். “தெருவுல பச்சை குத்துனவங்க வேற யாரு இருக்கான்னு கேட்டு வைங்க. நான் பதினொண்ணே கால் பஸ்ஸுக்கு வாரேன்.”

அரிசியை ரொசாரியோவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வலது தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தாள். வலி அப்படியேதான் இருந்தது. பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, முதலில் இசக்கித்தாய் வீட்டுக்கு மகராசியின் சேதியைச் சொல்லப் போனாள்.